செம்மான்பட்டி என்றால் என்ன

டொம்ப்ரோவா என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டபோதே இந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று பூபாலனுக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி யகோடா, பின்சீட்டில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்த மாமனாருக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள், டொம்ப்ரோவா என்றால் ஓக் மரத்தோப்பு. அப்பா முன்னால் குனிந்து, "அம்மிணி என்ன சொல்லுது தம்பி" என்றார். "மரத்தோட பேருப்பா. ஓக்குன்னு ஒரு மரம். அது நெறைய இருந்த எடமாம்." "ஓகோ. நம்ம வேலம்பட்டி, புளியம்பட்டியாட்ட" என்று சொல்லிச் சாய்ந்துகொண்டவர், உடனே மறுபடி குனிந்து அடுத்த பலகைக்காகச் சாலையைப் பார்க்க ஆரம்பித்தார். இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அவருக்கு எதுவும் விளங்கவில்லை. டிவியில் வரும் போலிஷ் சத்தம், லிஃப்டுக்குள் ஒரு பெண் குரல் சொல்வது சத்தம், கடைக்காரி சிரித்துக்கொண்டே கேட்பது சத்தம். போஸ்னான் நகரத்தில் ஏழாவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து டிராம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு, பேசினால் மகனுக்குத் தொந்தரவு என்று பேசாமலே இருந்தார். இன்றைக்குத்தான், சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போகும் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாலையில்தான், முதன்முதலாக ஒரு சொல் அவருக்குத் திறந்துகொண்டது. ஓக் மரம். வேலம்பட்டி. அடுத்து ஸாக்ஷெவோ வந்தது. புதருக்குப் பின்னால் இருக்கிற ஊர் என்றாள் யகோடா. பூபாலன் சொன்னதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பொதருக்குப் பின்னாலன்னு ஒரு ஊரா. பொண்ணு கேட்டு வந்தவன்கிட்ட எந்த ஊருன்னா என்னன்னு சொல்லுவாங்க." அதை யகோடாவுக்குச் சொன்னபோது அவளும் சிரித்தாள், இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், நடுவில் பூபாலனும் சிரித்தான். அவள் நிலப்படம் வரையும் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். ஊர்ப்பெயர் என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். மரம் வந்தாயிற்று, புதர் வந்தாயிற்று, இனி செய்கிற வேலையை வைத்து வந்த பெயர் வரும். வேலை வந்தால் அவள் ஊர் வரும். அவள் ஊர் வந்தால்.

பேச்சை மாற்றலாம். ரேடியோவைப் போடலாம், அப்பாவுக்குக் குளிருகிறது என்று ஹீட்டரைக் கூட்டலாம், மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்கலாம். எதையும் செய்யாமல் கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு, மண் கறுப்பாக ஈரமாகக் கிடந்தது. எந்த ஊரு. அந்தக் கேள்வி அவனுக்கு எப்போதும் முகத்துக்கு நேராக நீளும் கை. ஹாஸ்டலில் முதல் நாள், பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தபோது அறைத்தோழன் நவநீதன் கேட்டான், எந்த ஊரு நீ. தாராபுரம். தாராபுரத்துலயா. தாராபுரம் பக்கம். பக்கம்னா. அந்தப் பக்கம் என்ற சொல்லுக்குள்தான் அவன் வருஷக்கணக்காகக் குடியிருந்தான், அது ஒரு சந்து மாதிரி, யாராவது துரத்தினால் உள்ளே நுழைந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், ஆனால் சிலர் விடமாட்டார்கள், பக்கம்னா எந்தப் பக்கம், மூலனூர் ரோடா, காங்கயம் ரோடா, எங்க மாமன் தோட்டம் அங்கதான் இருக்குது, எந்த ஸ்டாப்புல எறங்கோணும். பதினேழு வயதில் வேறு வழி தெரியாமல் செம்மான்பட்டி என்று சொன்னான். சொல்லிவிட்டு, நவநீதன் முகம் மாறுவதற்குள், செம் மான், செகப்பு மான், அந்தக் காலத்துல அங்க மான் நெறையவாம் என்றான். யாரும் சொல்லித்தந்ததில்லை, அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. நவநீதன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம், ஓ, மானா, என்றான். அந்த ஓவின் நீளம் இன்னும் காதில் இருக்கிறது. நம்பவில்லை என்பதும் தெரிந்தது, நம்பாததைச் சொல்லமாட்டான் என்பதும் தெரிந்தது. அன்று இரவிலிருந்து நவநீதன் தன் தண்ணீர் பாட்டிலைக் கட்டிலின் அந்தப் புறத்தில், இவன் கை படாத இடத்தில் வைக்க ஆரம்பித்தான். அல்லது முதலிலிருந்தே அங்கேதான் வைத்தானோ. இத்தனை வருஷம் கழித்தும் அந்த பாட்டில் முதலில் எந்தப் புறம் இருந்தது என்று நினைவைக் கிளறிக்கொண்டிருப்பது எவ்வளவு அற்பம். கண்டக்டர்கூட அந்த ஸ்டாப்பை ஒரு மாதிரி இழுத்துச் சொல்வார், செம்மாம்பட்டி எறங்கு, மற்ற ஊர்களுக்கு எறங்குங்க, இதற்கு மட்டும் எறங்கு. அப்பா எழுந்து, எறங்கிக்கறனுங்க சாமி என்பார். பள்ளிக்கூடம் படிக்கும் மகன் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, வேகாத வெயிலில் திரும்ப நடந்து வருவது ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"புக்" என்றார் அப்பா. பலகையைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்திருந்தார். "பொஸ்தகமா தம்பி." இல்லை, அதுவும் மரம்தான், வேறு மரம் என்று யகோடா சொன்னாள். பிறகு அவன் பயந்தது வந்தது. "இதைத் தாண்டினால் என் ஊர். ஷெவ்ட்ஸே. அதன் பொருள் என்ன தெரியுமா, அவரிடம் சொல்" என்று அவள் முழங்கையால் அவனை லேசாக இடித்தாள். அவனுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காப்பிக்கடையில் இரண்டாவது முறை சந்தித்தபோதே சொல்லியிருந்தாள், என் ஊர்ப் பெயரைக் கேட்டால் சிரிப்பாய், செருப்புத் தைப்பவர்கள் என்று பெயர். அன்றைக்குக் காது மடல்கள் சூடேறி, இவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், என்னை ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்துக் கோப்பையைக் கீழே வைத்தான். அவள் கண்ணில் ஒன்றுமில்லை. வெறும் சிரிப்பு. எங்கள் ஊரும் அதேதான் என்று அப்போது சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், அவள் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பாள், ஒருவேளை அன்றைக்கே முத்தமிட்டிருப்பாள். அவன் தாராபுரம் என்றான், அது ஒரு டவுன் என்றான். இப்போது அப்பா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவன் தோளுக்கருகில் மூச்சுவிட்டபடி காத்திருந்தார். தேங்காயெண்ணெய் மணம். வேறு வழியில்லாமல் சொன்னான். "செருப்புத் தைக்கிறவங்க ஊருன்னு அர்த்தம்ப்பா."

அப்பா சிரிக்கவில்லை. "அதையேவா போர்டுல எழுதி வெச்சிருக்காங்க." "ஆமாப்பா." "கவர்மெண்டு போர்டுலயா." யகோடா என்ன என்று கேட்டாள், சொன்னான், அவளுக்குக் குஷியாகிவிட்டது. சொல்லத் தொடங்கினாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே ராஜாவின் கோட்டையைச் சுற்றி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேலை விதித்திருந்தார்கள். ஒரு ஊர் செருப்புத் தைத்துக் கொடுக்க வேண்டும். ப்சாரி என்று ஊர்கள் உண்டு, வேட்டை நாய் வளர்த்தவர்கள். ஷ்வினியாரி, பன்றி மேய்த்தவர்கள். கோபில்நிகி, பெண்குதிரை வளர்த்தவர்கள். பிறந்த பிள்ளையும் அதே வேலைதான் செய்தாக வேண்டும், விட்டுப் போகக் கூடாது. பூபாலன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். நாய், பன்றி, குதிரை என்று தன் குரல் சொல்வதை வேறு யாரோ பேசுவது போலக் கேட்டான். பிறந்த பிள்ளையும் என்ற இடத்தில் நாக்கு கொஞ்சம் தடுக்கியது. அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். கடைசியில் கேட்டார், "அப்பறம் எப்பிடி உட்டாங்களாம்." யகோடா தோளைக் குலுக்கினாள். "நூறு நூறு வருஷமாயிற்று. மறந்துவிட்டார்கள். இப்போது எங்கள் ஊரில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர்கள்கூட இல்லை." "மறந்துட்டாங்களாம்ப்பா." "யாரு மொதல்ல மறந்தாங்களாம். தெச்சவங்களா, தெக்கச் சொன்னவங்களா." அதை யகோடாவிடம் எப்படிச் சொல்வது என்று அவன் யோசித்தான். ஒரு வரிதான். மொழிபெயர்த்தால் ஒரு வரிதான், ஆனால் அவள் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பாள், ஏனென்று சொல்ல மூலனூர் ரோட்டிலிருந்து தொடங்கவேண்டும், டீக்கடைப் பெஞ்சிலிருந்து, எறங்கு என்ற சொல்லிலிருந்து, அப்பா தாராபுரம் பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் குத்தூசியும் மெழுகு நூலுமாக உட்கார்ந்திருக்க அந்தப் பக்கம் நண்பர்களோடு போன அவன் தலையைத் திருப்பிக்கொண்டதிலிருந்து. அப்பா அன்று பார்த்தாரா. பார்த்திருக்கமாட்டார், குனிந்திருந்தார். குனிந்திருந்தவர் செருப்பைத்தான் பார்ப்பார், அவன் காலில் கிடந்தது அவர் தைத்த செருப்பு. "என்ன கேட்கிறார்" என்றாள் யகோடா. "ரொம்பப் பழைய ஊரா என்று கேட்கிறார்" என்றான்.

அது இன்றைக்கு முதல் பொய், சின்னது. அடுத்ததற்கு வழிவிட்டது அதுதான். யகோடா கண்ணாடியில் மாமனாரைப் பார்த்து, "அப்பா, உங்கள் ஊர்?" என்றாள், அப்பா என்பதை மட்டும் தமிழில். "பெயர்? அர்த்தம்?" அப்பா மாரப்பனுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அந்தக் கேள்வி அவருக்குள் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தது. முகம் மலர்ந்து, பொய்ப்பல் தெரிய, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, "செம்மான்பட்டி, அம்மிணி. நம்முளுதும் இதேதான். செம்மான்னா செருப்புத் தெக்கிறவன். சொல்லு தம்பி. உங்க ஊரும் எங்க ஊரும் ஒரே பேருன்னு சொல்லு. எங்கியோ கெடக்கறோம், பேரு ஒண்ணாப் போச்சு பாரு. சம்பந்தின்னா இதான் சம்பந்தி, சொல்லு" என்றார். சொல்லு, சொல்லு. அவர் கை பூபாலனின் தோளில் இருந்தது. காய்த்துப்போன கை, சட்டைத்துணியில் உரசினால் சொரசொரவென்று கேட்கும். சொல்லத்தான் நினைத்தான். ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வந்து நின்றன, அவர் சொல்கிறார், எங்கள் ஊரின் பெயரும், அதற்கப்புறம் ஷூ என்ற ஒரு சொல், ஒரே ஒரு அசை. அதற்குப் பதிலாக ஹாஸ்டல் அறையின் டியூப்லைட் தெரிந்தது, ஓ என்ற நீளம் கேட்டது, நண்பர்களுக்கு முன்னால் யகோடா இதை ஒரு நல்ல வேடிக்கையாகச் சொல்வது தெரிந்தது, அவள் ஊர்ப் பெயர் வேடிக்கை, அவனுடையது வேடிக்கை இல்லை, தன் ஆபீஸில் இருக்கும் இரண்டு தமிழர்களில் ஒருவன் அதைக் கேட்டு மெதுவாகக் கோப்பையை நகர்த்துவது தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது. "சிவப்பு மான்" என்றான் ஆங்கிலத்தில். "எங்கள் ஊர்ப் பெயருக்குச் சிவப்பு மான் என்று அர்த்தம்." யகோடா மகிழ்ந்துபோனாள். "மானா. எவ்வளவு அழகு. எங்களுக்கும் மான்மலை என்று ஒரு பெரிய ஊரே இருக்கிறது. நீ ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார், எவ்வளவு பெருமை."

அவர் முகத்தை அவன் பார்க்கவில்லை. தோளிலிருந்து கை எடுக்கப்பட்டதா, அப்படியே இருந்து கனம் மட்டும் குறைந்ததா என்று தெரியவில்லை. ஒரு டிராக்டரை முந்திக்கொண்டு போனார்கள். ஒரு தேவாலயக் கோபுரம் வந்து பின்னால் போனது. அப்பாவின் குரல் காதருகில் தணிந்து கேட்டது. "ஷூங்கற வார்த்தையே வர்லியே தம்பி." ஷூ அவருக்குத் தெரியும். ஷூ, சோல், ஹீல், பாலிஷ், வேப்பமரத்தடி ஆங்கிலம். அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். "இவங்க பாஷைல அதுக்கு வேற வார்த்தைப்பா" என்றான். இவ்வளவு நேரம் பேசியது ஆங்கிலம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. "ஓ" என்றார். இதுவும் ஓ. ஆனால் இதில் நீளமே இல்லை, விழுந்ததும் நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்து மறுபடி, "டியர்னு சொன்னியே. டியர்னா லெட்டர்ல எழுதுவமே, அன்புள்ளன்னு. அதா." யகோடா முன்னால் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வளைவில் திருப்பினாள். இல்லை என்று சொல்லலாம், ஆமாம் அன்புள்ள என்றுதான் சொன்னேன் என்று சொல்லலாம், இன்னொரு பொய்க்கு இடம் இருந்தது, தாராளமாக இருந்தது. "மான்ப்பா" என்றான். "டீர்னா மான்." அவர் அதை வாய்க்குள் பிரித்துப் பார்ப்பது தெரிந்தது. செம். மான். அறுபத்தெட்டு வருஷம் அந்தப் பெயரைச் சுமந்தவர் அதை இரண்டாக உடைத்து உள்ளே பார்த்தார். திட்டுவார் என்று பூபாலன் எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். எங்கப்பன் பேரையும் மாத்திருவியாடா என்று கேட்டிருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி அந்தக் கறுப்பு மண்ணில் நின்று அழுதிருக்கலாம். அப்பா சொன்னார், "அதுவும் நல்லாத்தான் இருக்குது." அப்புறம், "முன்னமே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தீன்னா நானும் அதையே சொல்லியிருப்பனே தம்பி. பாரு, நாம்பாட்டுக்கு உளறிட்டேன். அம்மிணிக்குத் தமிழ் வெளங்காதது நல்லதாப் போச்சு."

ஷெவ்ட்ஸே என்ற பலகை வந்தபோது அப்பா முன்னால் குனியவில்லை. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை விளம்பரம். யகோடாவின் அப்பா ஸ்டெஃபான் வாசலுக்கே வந்து நின்றிருந்தார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரிய உருவம், மாரப்பனைத் தூக்கிவிடுவது போலக் கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேல் அப்பாவின் கண்கள் மகனைத் தேடின, நான் என்ன செய்யணும் என்று. ஹலினா, யகோடாவின் அம்மா, ஆவி பறக்கும் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். கரண்டி எடுக்கும் முன்பே யகோடா தன் அப்பாவிடம் போலிஷில் சொன்னாள். பூபாலனுக்கு அவ்வளவு போலிஷ் புரியும். அவரோட ஊருக்கு என்ன பெயர் தெரியுமா அப்பா, சிவப்பு மான். நம்ம ஊர் செருப்புத் தைக்கிறவங்க, அவங்க ஊர் மான். ஸ்டெஃபான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யெலென்" என்றார், மான் என்று. வந்தவரின் கையைப் பிடித்து எழுப்பி, சுவரில் அடுப்புக்கு மேல் மாட்டியிருந்த ஒரு மான்கொம்பின் அருகில் கூட்டிக்கொண்டு போனார். அதைக் காட்டினார், மாரப்பனைக் காட்டினார், மறுபடி அதைக் காட்டினார். "யெலென். உங்கள் ஊர். யெலென்." எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். இப்போதாவது, என்று பூபாலன் நினைத்தான். அப்பா உண்மையைச் சொல்லிவிடுவார், கையால் செருப்புத் தைத்துக் காட்டுவார், குத்தூசியை இழுப்பது போல ஒரு தடவை இழுத்தால் போதும், உலகத்தில் யாருக்கும் விளங்கும். சொல்லட்டும். அவர் சொன்னால் நான் சொல்லவேண்டியதில்லை. அப்படி நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது, அதையும் அவரையே செய்யவிடுகிறேன். நானே எழுந்து, அது மான் இல்லை என்று மூன்று சொல் போலிஷில் சொல்லலாம், மூன்றும் எனக்குத் தெரியும். தெரிந்த மூன்று சொற்களும் சூப்பின் ஆவிக்குப் பின்னால் நின்றன. மாரப்பன் கொம்பை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் திரும்பி, மெதுவாக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அந்தக் காய்த்த விரல்களை நன்றாக விரித்து, காதோரம் கொம்பு போல வைத்துக்கொண்டார். "யெஸ்" என்றார். "மை வில்லேஜ். டீர்." ஹலினா கைதட்டினாள். ஸ்டெஃபான் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர்கள் சிரிப்பது பிடித்திருக்கிறது என்று கண்டதும் அப்பா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, கால் மாற்றி இரண்டு எட்டு குதித்தும் காட்டினார். வாழ்நாளில் அவர் விளையாடிப் பூபாலன் பார்த்ததில்லை, சின்ன வயதில்கூட முதுகில் ஏற்றி யானை விளையாடியதில்லை, அதற்கெல்லாம் அவருக்கு நேரமிருந்ததில்லை.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கொம்பாக இருந்த கைகளை மேசைக்கடியில் மடியில் வைத்துக்கொண்டு, மகன் பக்கம் சாய்ந்து கேட்டார், "செரியாப் பண்ணுனனா தம்பி." யகோடா எட்டிப் பார்த்தாள். "என்ன கேட்கிறார்?" பூபாலன் தட்டைப் பார்த்தபடி சொன்னான், "சரியாகச் செய்தேனா என்று கேட்கிறார்." அந்த முதல் பொய்க்கு அப்புறம் அப்பா சொன்னதில் அவன் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான். யகோடாவின் முகம் கனிந்துவிட்டது. "அருமையாகச் செய்தார் என்று சொல்லு. ரொம்பச் சரி என்று சொல்லு." அப்பா அவன் வாயையே பார்த்துக் காத்திருந்தார். "ரொம்பச் செரியாம்ப்பா" என்றான். மாரப்பன் தலையாட்டினார். ஸ்டெஃபான் கரண்டியை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அதே மாதிரி பிடித்து, சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார்.